கபீர் காக்காவின் அணி

குவைத்தின் அப்பாசியாவில் மளிகைக் கடை வைத்திருந்த, ஊர்ப் பையன்கள் அண்ணன் என்ற முறையில் ‘காக்கா’ என்றழைத்த காயல்பட்டினத்து அகமது கபீருக்கு, வெள்ளிக்கிழமை காலை என்றால் மண் மைதானத்துக் கிரிக்கெட்தான். அவர் கைதட்டியது, அவர் கடைப் பெயரை முதுகில் போட்டு ஆடிய ‘முத்துநகர்’ அணிக்கு. ஒரு வாரம் எதிரணியைத் துவைத்து எடுக்கும். மறுவாரம் பரிதாபமாகச் சுருண்டுவிடும். எப்படி ஆடினாலும் கபீர் கடைசிப் பந்துவரை இருந்து, பையன்களுக்கு லபன் மோர் கொடுத்துவிட்டுத்தான் ஜும்மாவுக்குக் கிளம்புவார்.

ஆண்டுதோறும் கோப்பை வாங்கும் அணியின் கேப்டன் பாஸ்கர் ஒருநாள் கடைக்கே வந்தான்.

“பாய், உங்க கடைப் பேரை எங்க சட்டையில போடுறோம். கோப்பையோட போட்டோவில வரும்.”

கோப்பையோடு கடைப் பெயரைப் பார்ப்பது கபீரின் நெடுநாள் ஆசை. ஆனாலும் சிரித்தபடியே மறுத்தார்.

“முடிவு தெரிஞ்ச ஆட்டத்தைப் பாத்து நான் என்னப்பா செய்ய? எங்க பயலுவ இந்த வாரம் அழ வப்பானுவ, அடுத்த வாரம் ஆட வப்பானுவ. என் பேரு அவனுவ சட்டையிலயே கெடக்கட்டும்.”

கபீர் மவுத்தாகி அடக்கம் முடிந்த மறு வெள்ளிக்கிழமை, பாஸ்கரின் அணியிடம் முத்துநகர் படுதோல்வி அடைந்தது. தோல்வி உறுதியான பிறகும் கடைசிப் பந்துவரை, பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட இடத்தைவிட்டு நகரவில்லை. முத்துநகர் பையன்களின் முதுகில் கபீரின் கடைப் பெயர் இருந்தது.

பாஸ்கர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: “நாங்க ஜெயிச்ச எந்த ஃபைனலுக்கும் இப்படி யாரும் நின்னதில்ல.”