மணிமுத்து வாங்கிய ஐந்து கம்பிகள்

தென்காசியில் பூட்டு, தாழ்ப்பாள், ஆணி விற்கிற கடை என்னுடையது. முப்பது வருஷமாகப் பூட்டு விற்கிறேன். பூட்டைப் பிரியத்தோடு வாங்கிப்போன ஒரே ஆள் மணிமுத்துதான். மற்றவர்களெல்லாம் அடுத்தவன்மேல் உள்ள பயத்தில் வாங்குகிறவர்கள். இவன் ஒரு பூட்டைக் கையில் எடுத்தால் அரைமணி நேரம் கீழே வைக்கமாட்டான். எனக்கு எரிச்சலாக வரும்.

அவனுக்கு முப்பத்தேழு வயது. அப்பா அம்மா இல்லை, குத்துக்கல்வலசையில் தனியாக இருந்தான். என் கடைக்குப் பக்கத்தில் பிளக்ஸ் கடையில் கல்யாண பேனர் டிசைன் போடுகிற வேலை. ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையையும் பெண்ணையும் வெட்டி ஒட்டிப் பின்னால் ரோஜாப்பூ போட்டவன் அவன்தான். அவனுக்கு மட்டும் ஒன்றும் அமையவில்லை. பன்னிரண்டு இடம் பெண் பார்த்து, பன்னிரண்டு வீட்டிலும் கேசரி தின்றதுதான் மிச்சம்.

சாவி இல்லாமல் பூட்டுத் திறப்பதை ஒரு விளையாட்டாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்களாம். செல்போனில் அந்த வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து இவனுக்கும் பித்துப் பிடித்தது. பூட்டுத் திறக்கிற கம்பிகளில் முதல் செட்டாக எதை வாங்குவது என்று செல்போனைக் காட்டிக் காட்டி மூன்று மாதம் என் உயிரை வாங்கினான்.

"முப்பது கம்பி, தோல் பை, உள்ளுக்குள்ள நடக்கது தெரியுத கண்ணாடிப் பூட்டு வேற இனாம். இத வாங்கித் தொலையேன்லே," என்றேன்.

"இல்ல பாய். அது பூராத் தகரம். பூட்டுக்குள்ள போனதும் வளஞ்சிரும். புதுசாப் படிக்கவனுக்கு அஞ்சு போதும். அஞ்சும் நல்ல எஃகா இருக்கணும்."

கடைசியில் அந்த ஐந்தையே வாங்கினான். நுனி வளைந்தது இரண்டு, நெளிநெளியாக இருப்பது ஒன்று, பூட்டை மெல்லத் திருப்பிப் பிடிக்க இரண்டு. ஒரு கம்பி திருப்பிப் பிடிக்கும். இன்னொன்று உள்ளே இருக்கிற குச்சிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவிடும். அவ்வளவுதான் வித்தை. பார்சல் வந்த அன்று பிள்ளை பிறந்தவன் மாதிரி கடைக்கு ஓடிவந்தான். தனக்குத்தானே இரண்டு சட்டமும் போட்டுக்கொண்டான்: தனக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடக்கூடாது, கதவில் தொங்குகிற பூட்டைத் தொடக்கூடாது.

ஆனி மாதம் பதின்மூன்றாவது இடம் அமைந்தது. புளியங்குடியில் எலுமிச்சங்காய் கமிஷன் மண்டி வைத்திருக்கிற செல்லச்சாமியின் மகள் ஆனந்தவள்ளி. வயது முப்பத்தொன்று, டீச்சர் வேலை. இரண்டு பேரும் தினமும் போனில் பேசினார்கள். கம்பி விஷயத்தையும் இவன் சொல்லியிருக்கிறான். அவள் சிரித்துவிட்டு, எனக்கும் சொல்லித் தாங்க என்றாளாம். அதை என்னிடம் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கணுமே. இந்தக் கல்யாணமாவது முடியவேண்டும் என்று நானே துஆ கேட்டேன். இதுவும் போனால் இவன் தாங்கமாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். சாரல் நேரமாச்சே, பெண் வீட்டார் குற்றாலத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எல்லோரும் அருவியில் குளித்துவிட்டு, நாலரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் தட்டு மாற்றுவது என்று ஏற்பாடு. மாப்பிள்ளை வீடு என்று மணிமுத்துவின் அக்கா குடும்பமும் நானும் போயிருந்தோம். பெண்ணின் அம்மா வீட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு போய்ப் பேரருவிக்குக் கீழே நின்றுவிட்டாள். அந்தத் தண்ணீர் அடிக்கு முடிச்சு நிற்குமா? சாவி போயே போய்விட்டது. நகை, சேலை, தட்டு எல்லாம் வீட்டுக்குள்ளே. இன்னொரு சாவி வைத்திருந்த ஆள் செங்கோட்டைக்குப் போயிருந்தான், போனை எடுக்கவில்லை. மணி மூன்றே கால். பதினைந்து பேர் ஈரத்துணியோடு வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றோம்.

என் காரில் சுத்தியல் கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன். செல்லச்சாமி மறித்தார்.

"நிச்சயத்தன்னைக்குப் பூட்ட ஒடைக்கவா? குடும்பம் வெளங்குமா பாய்?"

அப்போது ஆனந்தவள்ளிதான் மெதுவாகச் சொன்னாள். "இவுகளுக்கு ஒடைக்காமத் தொறக்கத் தெரியும்ப்பா."

எல்லோரும் மணிமுத்துவைப் பார்த்தார்கள். அவன் தலையை ஆட்டினான். "வேண்டாம் மாமா. அடுத்தவுக பூட்ட நான் தொடுததில்ல."

"நாங்க ஒனக்கு அடுத்தவுகளா மாப்ள?" என்றார் செல்லச்சாமி.

அவன் என்னைப் பார்த்தான். நான் பாழாய்ப்போனவன், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நேரம் போகுதுலே. தொற," என்றேன்.

காரிலிருந்து கம்பிப் பையை எடுத்து வந்தான். சின்னப் பூட்டுதான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, திறந்துகொண்டது. வேர்த்த முகத்தோடு திரும்பிச் சிரித்தான். யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தகரச் செட்டை வாங்கியிருந்தால் கம்பி வளைந்திருக்கும், நாலு பேர் கேலி பண்ணியிருப்பார்கள், இவனும் தாலி கட்டியிருப்பான்.

பெண்ணின் அம்மா உள்ளே ஓடி நகைப்பெட்டியைத் திறந்து, எங்கள் கண்ணெதிரிலேயே வளையல்களை எண்ணினாள். எட்டும் இருந்தன. இன்னொரு தடவையும் எண்ணினாள். செல்லச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, "நேரம் சரியா வராதுபோல. இன்னொரு நாள் வச்சுக்கிடுவோம்," என்றார். மணி நாலுகூட ஆகவில்லை.

புதன்கிழமை தரகர் போன் பண்ணினார். இந்தச் சம்பந்தம் வேண்டாமாம். மாப்பிள்ளைக்குத் திருட்டுக் கை என்று பேசிக்கொள்கிறார்களாம். மணிமுத்து என் கடையிலிருந்தே ஆனந்தவள்ளியைப் போனில் கூப்பிட்டான். பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"நான்தான் ஒங்களுக்குத் தெரியும்னு சொன்னேன். ஆனா இம்புட்டு லேசாத் தொறப்பீகன்னு நெனைக்கல," என்றாள். "இப்பல்லாம் கதவப் பூட்டிட்டுப் படுத்தா ஒங்க நெனப்புதான் வருது. பயமா இருக்கு."

விஷயம் குத்துக்கல்வலசைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரே வாரத்தில் அவன் தெருவிலிருந்து ஆறு பேர் என்னிடம் புதுப் பூட்டு வாங்க வந்தார்கள். வெட்கங்கெட்ட நானும் விற்றேன்.

ஆடி பாதியில் செல்லச்சாமியே கடைக்கு வந்தார். மணிமுத்து ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். மனுஷனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

"நல்லதாப் போச்சு, நீயும் இங்கனதான் இருக்கியா தம்பி," என்றார். மாப்பிள்ளை தம்பியாகிவிட்டான். "ஆவணில ஆனந்தவள்ளிக்குக் கலியாணம். பையன் தூத்துக்குடி. எல்லாரும் மண்டபத்துக்குப் போயிட்டா வீடு பூட்டிக் கெடக்கும்லா. ஒன்னால தொறக்க முடியாத பூட்டு எதுன்னு நீயே பாத்துச் சொல்லு. நீ சொன்னா சரியா இருக்கும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. திருட்டுக் கை என்று யாரைத் தள்ளிவிட்டாரோ, அவன் வாய்ச்சொல்லையே நம்பி வந்து நிற்கிறார் பாருங்கள். வெளிய போம்வே என்று சொல்ல வாயெடுத்தேன். மணிமுத்து வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

எழுந்து போய் அலமாரியைத் துழாவினான். நாலைந்து பூட்டுகளை ஒதுக்கிவிட்டு, தடித்த சாவி உள்ள பித்தளைப் பூட்டு ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தான்.

"இதுக்குள்ள குச்சி கெடையாது, வேற மாதிரி வேல மாமா. என் கம்பி இதுல எடுபடாது."

செல்லச்சாமி அதைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, பூட்டை அவனிடமே நீட்டினார். "எதுக்கும் ஒரு தடவ தொறந்து பாத்துரு தம்பி."

மணிமுத்து ஐந்து கம்பிகளையும் மேஜையில் வரிசையாக வைத்தான். கால்மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் முயன்றான். பூட்டுத் திறக்கவில்லை. செல்லச்சாமி சந்தோஷமாக என்னைப் பில் போடச் சொன்னார்.