ஆர்லனின் ஆறு கம்பிகள்

ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் அறுத்தெறிந்துவிட்டு, அப்படியொரு வேலை நடக்கவே இல்லை என்று சொன்னால், நடந்தது என்பதற்கு உலகத்தில் என்ன மிச்சமிருக்கும்? ஆர்லன் பெட்ரோஸ்கியின் வாழ்க்கை பத்தொன்பது ஆண்டுகள் இந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டது.

சாகினா ஆற்றங்கரையில் வெர்ன் டிராக்ஸ்லரின் பட்டறையில் அவர் தகட்டு வேலை செய்தார். அறுபதுகளின் பெரிய என்ஜின் வைத்த முரட்டுக் கார்கள் அங்கே துருப்பிடித்து வரும். துருவை வெட்டிவிட்டுப் புதுத் தகடு அடித்துப் பொருத்த வேண்டும். ஆர்லன் மேதை என்று சொல்ல மாட்டேன். கவனமானவர். அந்தத் தொழிலுக்கு அது போதும்.

வெர்ன் சட்டைப்பையில் துணி சுற்றிய காந்தம் ஒன்று வைத்திருப்பார். பள்ளத்தைப் பட்டி பூசி மறைத்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாமல் விழுந்துவிடும். வாடிக்கையாளர் முன்னாலேயே வேலைக்காரர்களின் தகட்டில் அதை வைத்துப் பார்ப்பதில் அவருக்கு ஓர் இன்பம். ஆர்லனின் தகட்டில் அது ஒருமுறைகூட விழுந்ததில்லை. அதற்காகவே அவரை வெர்னுக்குப் பிடிக்காது.

இரும்பு வார்ப்பாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற லொவெல் ஹெய்ன்ஸின் கார் அந்த மார்ச் மாதம் வந்தது. பனிக்காலச் சாலை உப்பு தரைத் தகட்டையும், இரு பக்கக் கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி இரும்பையும் தின்றிருந்தது. அவற்றை அறுக்கும் முன் கதவு வாசலில் குறுக்கே கம்பிகள் வைத்துப் பற்றவைக்க வேண்டும். இல்லையென்றால் காரின் உடம்பு நடுவில் தொய்ந்துவிடும். அதை மறப்பவனை அந்த ஊரில் யாரும் மன்னிப்பதில்லை. ஆர்லன் பக்கத்துக்கு மூன்றாக ஆறு கம்பிகள் பற்றவைத்தார். இறைச்சி தின்னாத தவக்காலத்து வெள்ளிக்கிழமை. மதியம் தேவாலயத்தில் மீன் சாப்பாட்டுக்குப் போனார்.

அவர் போன பிறகு, புதுத் தரைத் தகட்டை உள்ளே நுழைக்க வெர்னுக்குக் கம்பிகள் இடைஞ்சலாக இருந்தன. ஆறையும் அறுத்தார். அதே அவசரத்தில் இரு பக்கப் பெட்டி இரும்பையும் அறுத்தார். கார் முனகிக்கொண்டு நடுவில் இறங்கியது. கம்பிகளைப் பழைய இரும்புக் குவியலில் எறிந்து, பற்றவைத்த அடையாளங்களைக் கிரைண்டரால் தேய்த்தார்.

ஆர்லன் திரும்பியபோது கதவு மூடவில்லை.

"வெர்ன், கம்பிங்க எங்க?"

"என்ன கம்பி?"

அதற்குள் லொவெல் வந்து நின்றார். வெர்ன் குரலை உயர்த்தினார். "வாங்க லொவெல், உங்க காரை நீங்களே பாருங்க. இந்த மகராசன் கம்பி போடாம அறுத்துட்டு மீன் திங்கப் போயிட்டான். கார் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு கெடக்கு!"

"ஆறு கம்பி போட்டேன். காலையில நீங்களே பார்த்தீங்க."

"அப்ப எங்கடா அது? மீனோட சேர்த்துத் தின்னுட்டியா?"

லொவெல் சிரித்துவிட்டார். கதவின் பின்தூணில், கீழே, கிரைண்டர் சரியாக எட்டாத இடத்தில் பற்றவைத்த சூட்டில் நீலம் பாய்ந்த இரண்டு வடுக்கள் தெரிந்தன. ஆர்லன் அதைக் காட்டினார். "குனிஞ்சு பாருங்க, லொவெல்."

லொவெலுக்கு முட்டி வலி. குனியவில்லை.

அன்றே வேலை போயிற்று, பெயரும் போயிற்று. ஊருக்கு அவர் வாழைப்பழம் ஆனார். அவருடைய பிக்கப் வண்டிக் கண்ணாடியில் பழத்தோலை ஒட்டிவைத்தார்கள். ஒரு கல்யாண விருந்தில் யாரோ ஒரு பழத்தை உரித்து அவர் தட்டில் நட்டுவைத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி வாண்டாவும் சிரித்ததை அவர் பார்த்தார். எந்தப் பட்டறையும் சேர்த்துக்கொள்ளவில்லை. பீட்ரூட் லாரிகளின் ஓட்டைப் பெட்டிகளுக்கு ஒட்டுப் போட்டுப் பிழைத்தார்.

வெர்ன் அந்தக் காரை நிமிர்த்தவில்லை. கதவின் விளிம்பைத் தேய்த்து, தூணில் விரல் தடிமனுக்குப் பட்டி ஏற்றி, இடைவெளியைக் கண்ணுக்குச் சமமாக்கினார். "அவன் கெடுத்ததை நான் நிமித்தினேன். பொட்டுப் பட்டி கிடையாது, பூரா இரும்பு" என்றார். ஜூலை மாதக் கார் கண்காட்சியில் கோப்பையும் வாங்கினார்.

ஆர்லன் அங்கே போயிருந்தார். தூணின் மேல் வெளிச்சம் விழுந்து மடங்கிய விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. காந்தம் வைத்தால் விழும். சுரண்டினால் அவருடைய வடுக்கள் இருக்கும். ஆனால் உடையவர் கூப்பிடாமல் அடுத்தவர் காரில் விரல் வைக்கக் கூடாது என்பது அந்த மைதானத்தின் கட்டளை. அவர் ஒரு காந்தம் வாங்கித் துணி சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு ஜூலையிலும் வந்து எட்ட நின்று பார்த்துவிட்டுப் போவார்.

இருபதாவது ஜூலையில் ஒஹையோவிலிருந்து ஒருவர் காரை விலை பேசினார். "பட்டி இருந்தா எனக்கு வேணாம்" என்றார்.

லொவெல் நாற்காலியில் இருந்தபடியே கத்தினார். "வாழைப்பழம் எப்பவும் காந்தத்தோடதானே அலையுது, கூப்பிடுங்கப்பா! டேய் ஆர்லன், எங்க வேணும்னாலும் வெச்சுப் பாரு!"

வெர்ன் பக்கத்தில் உட்கார்ந்து சாசேஜ் தின்றுகொண்டிருந்தார். கிழவராகிவிட்டார். மெல்லுவது நின்றது.

கூட்டம் சேர்ந்தது. ஆர்லன் முன்மூடியில் வைத்தார், ஒட்டியது. கூரையில், பின்மூடியில், ஒட்டியது. கதவைத் திறந்து, தூணின் முன் மண்டியிட்டார். காந்தத்தைத் தகட்டிலிருந்து விரலகலத்தில் பிடித்தார்.

"ஆர்லன்" என்றார் வெர்ன், மிக மெதுவாக. பத்தொன்பது ஆண்டுகளில் அந்தப் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆர்லன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். நிதானமாக, ஒரு தகட்டில் மேடு பள்ளம் தேடுவதுபோலப் பார்த்தார். தேடியது அங்கே இருந்தது.

"என்னடா, முட்டி புடிச்சுக்கிச்சா?" என்று லொவெல் கேட்க, கூட்டம் சிரித்தது. "வாழைப்பழம் அழுகிப்போச்சு!"

அவர் எழுந்து, காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். கதவை மெல்ல மூடினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டார். ஏன் என்று வாண்டாவிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த ஜூலையிலும் காந்தத்தோடு வந்தார்.