வால்போர்க் தீ

யோன்ஸைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொன்னதில்லை. ஸ்வீடனில் கல் பொறுக்கியே அப்பாவின் ஆயுள் முடிந்த நிலத்தை விட்டுவிட்டு, மனைவி ஷெர்ஸ்டியோடு கப்பலேறி வந்து, மினசோட்டாவின் புல்வெளியில் மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டியவர். வெட்டுக்கிளிகள் கோதுமையைத் தின்று தீர்த்தபோதும், மகனைப் புதைத்தபோதும், மறுநாளே ஏர் பூட்டியவர். பிடிவாதம்தான் கொஞ்சம் அதிகம்.

அந்தப் பிடிவாதம் வினையாயிற்று. ஏப்ரல் கடைசி நாள், வால்போர்க் மாலையில், மேட்டில் தீ மூட்டினால் ஓநாயும் சூனியக்காரிகளும் அண்டமாட்டார்கள் என்பது அவர் ஊர் நம்பிக்கை. அங்கே அந்த நாளில் பாறையிடுக்குகளில் பனி கிடக்கும். ஈரப்பாசியில் தீயைப் பற்றவைப்பதே பெரும்பாடு. இங்கேயோ போன வருடத்துப் புல் முழங்கால் உயரத்துக்குச் சருகாய் நின்றது.

"காத்து பலமா அடிக்குதுங்க. இன்னைக்கு வேணாமே," என்றாள் ஷெர்ஸ்டி, கைக்குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டே.

"இங்க வந்ததுலேர்ந்து ஒரு வருஷம்கூட மூட்டல. அதான் ஒண்ணும் வெளங்கல!"

மூட்டினார். ஒரு காற்று வீசியதும் தீ மேட்டிலிருந்து இறங்கிவிட்டது. கோட்டைக் கழற்றி அடித்தார். ஓரிடத்தில் அணைந்தால் பக்கத்தில் எழுந்தது. அது கிழக்கே ஓடுவதைப் பார்த்தபோதுதான் அவருக்கு நினைவு வந்தது. மாட்டை ஓட்டிவர மகள் எல்னா கிழக்குச் சதுப்புக்குத்தான் போயிருந்தாள். எட்டு வயது.

பக்கத்து நிலத்து நார்வேக்காரர் டோலெஃப் ஈரச்சாக்கோடு ஓடிவந்தார். "ஏ ஸ்வீடன்காரா, அறிவு இருக்காய்யா உனக்கு? காஞ்ச புல்லுல எந்த மடையனாவது—"

"எல்னா அங்க இருக்கா."

டோலெஃபின் குரல் இறங்கிவிட்டது. "தீக்கு முன்னால ஓடாதே, வெந்துபோவே. எரிஞ்ச தரை மேலயே பின்னாடி போ."

தான் வைத்த தீ தன் மகளை நோக்கி ஓட, அதன் பின்னால் ஓடுவதைவிடக் கொடுமை ஒரு தகப்பனுக்கு வேண்டாம். எவ்வளவு ஓடியும் அது அவருக்கு முன்னால்தான் இருந்தது. காலணி சுட்டது. கருகிக் கிடந்த ஒவ்வொன்றின் அருகிலும் போய்க் குனிந்து பார்த்தார். காட்டுக்கோழி. மண்மேடு. அவள் இல்லை என்ற நிம்மதி அடுத்த கரிய உருவம் வரைதான். ஜெபிக்க வாயெடுத்தால் மகள் பெயர்தான் வந்தது.

சதுப்பில் நாணல் தண்ணீர்மட்டம் வரை எரிந்து போயிருந்தது. எங்கோ மாடு கத்தியது. வயிறளவு தண்ணீரில் நின்ற அதன் கழுத்தடியில், சேறு அப்பிய ஒரு சின்ன முகம்.

இறங்கிப் போய் வாரி எடுத்தார். பல் கிட்டித்துப்போய் நடுங்கினாள். முன்முடி கருகியிருந்தது.

"யாருப்பா தீ வச்சது?"

மின்னல் என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. நாக்கு நுனிவரை வந்தும் விட்டது.

"நான்தாம்மா."

 எல்னா அவர் காதருகில் வாயை வைத்தாள்.

"அம்மாகிட்ட, எல்னாதான் வச்சான்னு சொல்லிடுப்பா. நான் பொழச்சு வந்திருக்கேன்ல, இன்னைக்கு என்னை அடிக்க மாட்டாங்க."

யோன்ஸ் அவளை இறக்கிவிடாமல் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.