மட்டைக்கு விழுந்த கைதட்டல்

ஈரக் கம்பளிக் கோட்டு வாடையும் புதுப் பட்டுத்துணியில் காய்கிற பசை வாடையும் கலந்து மூக்கில் ஏறினால், இன்றைக்கும் என் இடது காது தானாகச் சூடாகிறது. அப்பாவின் வலது கைக்கு வாகாக அகப்படும் காது அது.

ஹொல்ம்லியாவில் எங்கள் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபமான "ஜிம்சால்", டிசம்பரில் ஒரு ஞாயிறு மட்டும் ஜப்பானியரின் ஆண்டிறுதிச் சந்தையாகிவிடும். தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு போவோம். துடுப்பு மாதிரியான மரமட்டைகளில் பட்டுத்துணிப் பெண்முகங்களை ஒட்டி அடுக்கியிருப்பார்கள். பெண்பிள்ளைக்கு வரும் கேட்டை இது அடித்து விரட்டும் என்று கடைக்காரி நோர்வேஜிய மொழியில் விளக்க, அம்மா வைத்தியர் சொல்வதைக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டுக் கைப்பையைத் திறந்தார். முந்தின வாரம்தான் என்னுடைய அந்த இடது காதிலிருந்து இரத்தம் வந்திருந்தது.

பத்து வயதில் எனக்கு உலக சமாதானத்தில் பெரிய அக்கறை இருக்கவில்லை. சிறுவர்கள் விளையாட வைத்திருந்த வெறும் மட்டையொன்றை எடுத்துத் தம்பியின் நெற்றியில் போட்டேன். பிளந்தது. பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேர்ட் சிவப்பாகிவிட, அவன் மண்டபம் அதிரக் கத்தினான்.

அப்பா வெளியிடத்தில் அடிக்க மாட்டார். "ஆக்கள் பாக்கினம்" என்பது அவருடைய பதினோராவது கட்டளை. அன்றைக்கு அதையும் மறந்து, என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிக் கையை ஓங்கினார்.

"டொக்" என்றது. அம்மா வாங்கிய மட்டை அப்பாவின் மணிக்கட்டில் இறங்கியிருந்தது. இரண்டாவது அடி முழங்கையில். பட்டுப் பெண்ணின் மூக்கு தனியே பறந்தது.

"இனி இவளைத் தொட்டியள் எண்டால் மற்றக் கையையும் முறிப்பன்."

"ஜெசிந்தா, ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்."

அந்த நேரம் பார்த்துக் கடைக்குள் முதுகு காட்டி நின்று அம்மாவின் காசை எண்ணிக்கொண்டிருந்த கடைக்காரர்களெல்லாம் திரும்பி, ஒரே தாளத்தில் கைதட்டினார்கள். ஒரு மட்டை விற்றால் அப்படித் தட்டுவது அவர்கள் வழக்கம். அது அப்பாவுக்குத் தெரியாது. தீர்ப்பு என்று நினைத்தாரோ என்னவோ, வீங்கிய மணிக்கட்டைப் பிடித்தபடி மெல்லத் தலைகுனிந்தார்.

மூக்கில்லாத அந்த மட்டை எங்கள் வீட்டில் தொலைக்காட்சிக்கு மேலே தொங்கியது. அப்பாவின் கை பிறகும் பலமுறை உயர்ந்தது. உயர்ந்த கை சுவரைக் கண்டதும் தலையைச் சொறிந்துவிட்டு இறங்கிவிடும்.

இந்த டிசம்பரில் சந்தை ட்வெய்ட்டாவில் நடந்தது. மகளுக்கு ஒரு மட்டை வாங்கினேன். அட்டை இயந்திரம் "கீக்" என்றதோடு சரி. கைதட்டுகிற வழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டார்களாம். நான் தனியாக நின்று தட்டினேன்.

"அம்மா, ஆக்கள் பாக்கினம்," என்று மகள் என் கோட்டை இழுத்தாள்.

"பாக்கட்டும்."