ராஜகுமாரி தள்ளிவிட்ட பூ

ராஜகுமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டால் அன்றைய வேலை அவ்வளவுதான். மாத்தளை டவுனில், மிளகுக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது நாங்கள் வேலை செய்யும் இடம். இன்டர்நெட்டுக்கான பைபர் வயர்களுக்கு இரண்டு பக்கமும் கனெக்டர் பூட்டி அனுப்புகிறோம். கீழே மிளகு தூற்றும் நாளில் மேலே ஜன்னல் எல்லாம் இறுக மூடி, தலைக்குத் தொப்பியும் வாய்க்கு மாஸ்க்கும் போட்டுக்கொள்வோம். அந்த மாஸ்க்குக்குள்ளேயே அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். வயரைச் சுருட்டிப் பையில் போடும் என் மேசையும் சேர்ந்து ஆடும். எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன். ஏசினால் இன்னும் சிரிப்பாள், பாவி.

ஆனால் வேலை என்று வந்தால் அவள் கை ஆடாது. பைபர் என்பது தலைமயிர் அளவு கண்ணாடி. அதைக் கனெக்டரின் பீங்கான் முனைக்குள் பசையோடு நுழைத்து, சூட்டில் இறுக வைத்து, பிறகு முனையைப் பாலிஷ் தாளில் எட்டு எழுதுவது போல வளைத்து வளைத்துத் தேய்க்க வேண்டும். முதலில் சொரசொரப்பான தாள், போகப் போக மெல்லிய தாள். சோறு பிசையும்போதுகூட அவள் விரல் எட்டுப் போடும். தேய்த்த முனையை ஸ்கோப் என்கிற பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்தால் திரையில் பெரிதாகத் தெரியும். பார், துடை, திரும்பப் பார். துடைத்துவிட்டோமே என்று பார்க்காமல் மூடி போட்டால் முதலாளி பதுர்தீன் சேர் தொலைத்துவிடுவார்.

பவுடர், பூ, திருநீறு மூன்றும் வாசலோடு சரி. கோயிலுக்குப் போய் வருகிறவர்கள் நெற்றியைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர முடியும். ஒரு முறை யாருடைய நெற்றியிலிருந்தோ உதிர்ந்த திருநீறு பாலிஷ் தாளில் விழுந்து, ஒரு தட்டு வயர் முழுக்கக் கீறல். அன்றிலிருந்து யாருடைய கை நெற்றிப் பக்கம் போனாலும் ராஜகுமாரி பட்டென்று தட்டிவிடுவாள். என்னை எத்தனை தட்டு தட்டியிருப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் நிரஞ்சன் வந்தான். பக்கத்து ஊர் நாலந்தாக்காரன். வீடுகளுக்கு இன்டர்நெட் லைன் இழுக்கிற வேலை. உங்கள் சாமான் சரியில்லை, சிக்னல் வருவதில்லை என்று கோபமாக நாலைந்து வயரைக் கொண்டுவந்து போட்டான். ராஜகுமாரி ஒன்றை எடுத்து ஸ்கோப்பில் வைத்தாள். திரை முழுக்க அழுக்கு. பூட்டுவதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். வாயால் ஊதிவிட்டுச் சட்டையில் துடைத்தேன் என்றான், ஏதோ பெரிய சுத்தம் செய்தவன் மாதிரி. அவள் சிரித்த சிரிப்பில் அன்று பாலிஷ் வேலையையே நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

வேறொருவன் என்றால் கோபித்துக்கொண்டு போயிருப்பான். அவன் அடுத்த வாரமும் வந்தான், இன்னும் இரண்டு பழுது வயரோடு. அதற்கடுத்த வாரம் கொண்டுவந்த வயர் பையைவிட்டே பிரிக்கப்படாமல் இருந்தது. பழுது என்று சத்தியம் செய்தான். அவளும் ரொம்ப அக்கறையாகப் பிரித்து, பார்த்து, துடைத்து, திரும்பப் பார்த்தாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

முறைப்படி பெண் பார்க்க வருகிறோம் என்று அவன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. ராஜகுமாரிக்கு முப்பத்துநான்கு வயது. இதற்கு முன் வந்த இரண்டு இடமும் அவளுடைய சிரிப்பைப் பார்த்து, பெண்ணுக்குப் புத்தி சரியில்லை என்று எழுந்து போனவை. இவரும் போய்விட்டால் இனி யார் முன்னாலும் தேநீர்த் தட்டோடு நிற்க மாட்டேன் என்று என்னிடம் சொன்னாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

அவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து எங்களுக்கு அவசர ஓடர், லீவு இல்லை. ஒரு மணித்தியாலம் போய்விட்டு வா என்று பதுர்தீன் சேர் விட்டார். வீடு பக்கத்துச் சந்துதான். திரும்ப வேலைக்கு வர வேண்டுமே என்று பவுடர் இல்லாமல், பூ இல்லாமல் சேலையை மட்டும் மாற்றிக்கொண்டாள். நானும் துணைக்குப் போனேன். அப்பா ராசையா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தார். நிரஞ்சனின் அம்மா தெய்வானை நல்ல முகமாகத்தான் வந்தார். தேநீர் கொடுத்தாகிவிட்டது, சிரிப்பும் அடங்கி இருந்தது. அம்மன் கோயிலில் வாங்கி வந்த மல்லிகைச் சரத்தை ஒரு கையிலும் திருநீற்றை மறு கையிலும் எடுத்துக்கொண்டு தெய்வானை எழுந்தார். மாப்பிள்ளையின் தாய் வைக்கிற பூவைப் பெண் வாங்கிக்கொண்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம்.

திருநீற்றுக் கை அவள் நெற்றிக்குப் போனது. ராஜகுமாரி பட்டென்று தட்டிவிட்டாள்.

திருநீறு தரையில் கொட்டியது. மறு கையிலிருந்த பூவும் நழுவிப் பாயில் விழுந்தது. அதோடு நின்றாளா? பயத்தில் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. தெய்வானை பூவைப் பொறுக்கிப் பையில் போட்டார். நிரஞ்சன் கண்ணாடி, தூசி, கீறல் என்று என்னென்னவோ சொன்னான். திருநீறு பட்டுக் கெட்டுப்போகிற சாமான் உலகத்தில் உண்டா என்று கேட்டுவிட்டு அவர் படியிறங்கினார். ராசையா தரையில் கொட்டிய திருநீற்றை விரலால் அள்ளத் தொடங்கினார்.

ராஜகுமாரி வெறுங்காலோடு சந்தில் ஓடினாள். தெய்வானையின் கையைப் பிடித்து, விடாமல், மிளகுக் கடைப் படி ஏற்றி எங்கள் வாசலுக்கே இழுத்து வந்துவிட்டாள். வாடிக்கையாளருக்குக் காட்டுகிற ஸ்கோப் திரை ஒன்று வாசல் மேசையில் உண்டு. துடைத்த முனை ஒன்றை அதில் வைத்தாள். பௌர்ணமி நிலா மாதிரி சுத்தமான வட்டம். அதே முனையை எடுத்து, தெய்வானையின் விரலில் ஒட்டியிருந்த திருநீற்றில் மெதுவாகத் தொட்டு மறுபடி வைத்தாள். வட்டத்தின் நடுவில் பாறை பாறையாகக் கிடந்தது. இது பட்டால் ஒரு வீட்டுக்கே லைன் போகாது என்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

தெய்வானை திரையைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார், திரும்பத் திரையைப் பார்த்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். எம்மகன் வேணுமா வேணாமா? அத மட்டும் சிரிக்காம சொல்லு."

அவள் உதடு துடித்தது. சிரித்துவிடாதே, சிரித்துவிடாதே என்று எனக்குள் கெஞ்சினேன்.

"வேணும் அத்த," என்றாள் ராஜகுமாரி. "அவர் இல்லாட்டி எனக்கு வேற யாரும் வேணாம்."

படியில் நின்ற நிரஞ்சனுக்குக் காது வரைக்கும் வாய் போனது. தெய்வானை அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழாய் எங்கே என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். சோப்புப் போட்டு விரல் விரலாகக் கழுவி, நாங்கள் துடைக்கிற துணியில் துடைத்து, வெளிச்சத்தில் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து, மருமகளின் கன்னத்தைத் தொட்டார்.