வளையாத குழாயை வளைந்தது என்றேன்

"மார்ச் 9, ஞாயிறு. வண்ணாரப்பேட்டை, பாய் கடை. பழைய ட்ராம்போன் இரண்டு. கருவி 1: வாய் பெரிது, குழாய் அகலம், நிலை நன்று. கருவி 2: வாய் சிறிது, இழுகுழாய் வளைந்துள்ளது. வேண்டாம்."

என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. தேதி சரி, கிழமை சரி, கடை சரி. கருவி 2 பற்றி எழுதியது பொய். தெரிந்து, நிதானமாக, பேனா நடுங்காமல் எழுதிய பொய்!

அந்தப் பொய்யை நம்பி ஒருவன் வாசிப்பதையே விட்டுவிட்டான். அவன் பெயர் அந்தோணி. என் நண்பன்... இந்தச் சொல்லை எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் திருவொற்றியூரில் தனியாக ஓர் அறையில் இருப்பவன். கண்டெய்னர் யார்டு ஒன்றில் வண்டி உள்ளே வந்த நேரத்தையும் வெளியே போன நேரத்தையும் எழுதுவது என் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மழை வந்த நாள், கடல் உள்ளே ஏறிய நாள், பஸ் தடம் மாறிய நாள் என்று பதினேழு வருடக் குறிப்பேடுகள் என் அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் பிழை இருக்கலாம். மார்ச் 9 வரை பொய் இருந்ததில்லை.

ராயபுரத்தில் ஒரு பேண்டு செட்டில் நானும் அந்தோணியும் ட்ராம்போன் என்ற பித்தளை ஊதுகருவி வாசித்தோம். கல்யாணம், தேர், சாவு எல்லாவற்றுக்கும் போவோம். கருவிகள் பேண்டு முதலாளியுடையவை, வாசித்து முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்தோணி முதல் வரிசை. நான் இரண்டாம் வரிசை. எல்லோரும் என்னை 'ரைட்டர்' என்பார்கள்.

அவனுக்கு ஜாஸ் இசையைக் காட்டியவன் நான். படித்துப் படித்துத் தெரிந்துகொண்டதை எல்லாம் அவனிடம் சொன்னேன். பழைய ஒலிப்பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்கவைத்தேன். நான் இரண்டு வருடம் முயன்றும் வராத வளைவும் நெளிவும் அவனுக்கு இரண்டு மாதத்தில் வந்தன! ஒரு கல்யாணத்தில் அவன் வாசித்ததைக் கேட்ட யாரோ, நகரத்தின் தென்பக்கத்து ஜாஸ் குழு ஒன்றில் சொல்லியிருக்கிறார்கள். வந்து வாசித்துக் காட்டச் சொன்னார்கள். அவனை. என்னை அல்ல.

போவதற்கு அவனுக்குச் சொந்தக் கருவி வேண்டும். கையிலிருந்த பணத்துக்குப் பழையது ஒன்றுதான் கிடைக்கும். தப்பானதை வாங்கிவிட்டால் மாற்று கிடையாது. அதனால் என்னைக் கூட்டிக்கொண்டு போனான்.

பாய் இரண்டையும் மேசை மேல் வைத்தார். "ரெண்டும் சோக்கான ஐட்டம்பா. பெர்சு வாசிச்சா ஊருக்கே கேக்கும். சின்னது கப்பல்காரன் ஒர்த்தன் குட்த்துட்டுப் போனது. கொஞ்சம் சிக்குது. ஆனா நான் தேங்காண்ணெ போட்டு பத்திரமாத்தான் வெச்சிகிறேன்."

அந்தோணி சின்னதைத்தான் முதலில் எடுத்தான். மூன்று சுரம் வாசித்தான். கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டார்கள்.

"மாமு, இது கைல சும்மா நிக்குது. லேசா கீது. ஆனா இழுப்பு சிக்கிக்குது, பாரு."

இழுப்பு என்று அவன் சொன்னது, முன்னும் பின்னும் இழுத்துச் சுரம் பிடிக்கும் நீண்ட குழாயை. ட்ராம்போனுக்கு உயிர் அதுதான். வளைந்திருந்தால் கருவி வெறும் பித்தளை.

நான் வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். தேங்காயெண்ணெய் காறிப்போன வாடை. எங்கள் பேண்டு செட்டிலும் இதே வழக்கம்தான். இழுப்பு சிக்கினால் தேங்காயெண்ணெய் விடுவார்கள், அது உலர்ந்து பிசினாகும், இன்னும் சிக்கும், மறுபடி எண்ணெய் விடுவார்கள். கழுவினால் போதும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எனக்குத் தெரியும். நான் படித்திருக்கிறேன்.

உள்குழாயைத் துடைத்துக் கடையின் ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வளைவு இருந்தால் குழாய் மேல் விழும் வெளிச்சக் கோடு நெளியும். நெளியவில்லை... ஒரு நூல்கூட நெளியவில்லை!

குறுகிய குழாய். கொஞ்சம் மூச்சுக்கே உடனே பேசும். வேகமான ஜாஸ் வாசிப்புக்கு அவன் கையிலிருந்த பணத்தில் இதைவிட நல்லது கிடைக்காது. இது எனக்குத் தெரிந்த கணமும், இதை அவன் வாங்கக் கூடாது என்று நான் நினைத்த கணமும் ஒன்றுதானா? பலமுறை யோசித்துவிட்டேன். இரண்டுக்கும் நடுவே ஒரு விநாடிகூட எனக்குக் கிடைக்கவில்லை.

"இன்னா ரைட்டரே, சொல்லு. நீ சொல்றதுதான்."

"வளைஞ்சிகீது அந்தோணி. பெர்சு எடு. மேடைல சத்தம் நிக்கணும் இல்ல?"

தேரிலும் சாவிலும் பறையையும் வெடியையும் மீறி ஒலிக்க வேண்டிய எங்களுக்குப் பெரிய வாய்தான் நல்ல வாய். அந்த நம்பிக்கையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அவன் இன்னும் சின்னதையே பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் குறிப்பேட்டை எடுத்து அவன் கண்ணெதிரே எழுதினேன். 'வேண்டாம்' என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டேன். அவன் சிரித்து, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு பெரியதையே வாங்கினான்.

மார்ச் 12, புதன். அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் போய்ச் சின்னதை நான் வாங்கினேன். பாய் ஒரு மாதிரி பார்த்தார். "வளைஞ்சிகீதுன்னு நீதானப்பா சொன்ன?" என்றார். சரி பண்ணிக்கொள்வதாக ஏதோ முனகினேன். வீட்டில் வாளித் தண்ணீரில் சோப்புக் கரைத்துக் கழுவினேன். நிமிர்த்திப் பிடித்ததும் இழுகுழாய் தன் எடையிலேயே சத்தமில்லாமல் இறங்கியது. அழகாக இறங்கியது! வாசித்தேன். என் வாசிப்பு என் வாசிப்பாகவே இருந்தது. இரண்டாம் வரிசை.

மார்ச் 23, ஞாயிறு. அந்தோணி அந்தக் குழுவின் முன் வாசித்தான். நானும் போயிருந்தேன்... ஆம், போயிருந்தேன். அகலக் குழாய் அவன் மூச்சை விழுங்கியது. வேகமான இடங்களில் சுரங்கள் ஒவ்வொன்றும் தாளத்துக்குக் கால் மாத்திரை பின்னே வந்தன. குழுத் தலைவர் நல்ல மனிதர். தோளில் கை வைத்து, "மூச்சு பத்தலை தம்பி" என்றார்.

அந்தச் சொல்லை அந்தோணி எண்ணூருக்கு எடுத்துப்போனான். வீட்டில் அடுப்படி வரை அனல்மின் நிலையத்துக் கரி படியும் தெரு அவனுடையது. தன் நெஞ்சு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினான். எக்ஸ்ரே எடுத்தான். ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அவன் நம்பவில்லை. "நெஞ்சு போச்சு மாமு. அவுங்களுக்குத் தெர்யாதா?" என்றான். அடுத்த வாரம் பேண்டு செட்டையும் விட்டான். மூச்சில்லாதவன் முன்வரிசையில் நிற்பது அசிங்கமாம்.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்! கருவிதான் பெரிது, நெஞ்சு நன்றாகத்தான் இருக்கிறது... சொன்னேனா? "ரெஸ்ட் எடு" என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு. ட்ராம்போனைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தான்.

"இத்த பாய்கிட்டயே திருப்பிக் குட்த்துடலாம். வா, ரெண்டு பேரும் போலாம்."

போனால் பாய் சொல்லிவிடுவார். சின்னதை யார் எடுத்துப் போனார் என்று கேட்கக்கூட வேண்டாம், அவரே சொல்லிவிடுவார்.

"நீ ஏன் அலையற? குடு, நானே பேசிட்டு வரேன்."

"ஒன்ன மாரி தோஸ்து கெடிக்கமாட்டான் மாமு" என்றான். தோளில் கிடந்த துண்டால் கருவியின் வாயை ஒருமுறை துடைத்துவிட்டுக் கொடுத்தான். நான் பாய் கடைக்குப் போகவில்லை. என் பணத்தையே பாய் கொடுத்ததாகச் சொல்லிக் கொடுத்தேன். அவனிடம் இப்போது கருவி இல்லை. என் கட்டிலுக்கடியில் இரண்டு இருக்கின்றன.

இன்று காலை காசிமேட்டுக்குப் போனேன். அந்தோணி இப்போது அங்கே ஐஸ் தூக்குகிறான். வண்டியிலிருந்து படகுக்குப் பலகை மேல் கூடையோடு ஓடுகிறான், திரும்புகிறான், மறுபடி ஓடுகிறான். மீன்கார அக்கா ஒருவர் கத்தினார்: "மெதுவாடா அந்தோணி! ஐஸு கர்யறதுக்குள்ள நீ கர்ஞ்சிடப் போற!"

"நான் கர்ஞ்சா ஒன் வஞ்சிரத்து மேல கொட்டிக்கோக்கா!" என்று ஓடிக்கொண்டே பதில் கொடுத்தான்.

நான் எண்ணினேன். பதினொரு நடை. அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. ஒருமுறைகூட!

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். என் குறிப்பேட்டுப் பக்கத்தின் படத்தை அந்த அக்காவிடம் காட்டினான். "இவுருதாங்கா நான் சொன்ன ரைட்டரு. பாரு, தேதி போட்டு இன்னாமா எயிதிகிறாரு! இவ்ளோ பார்த்து வாங்கிக் குட்த்தாரு. என் நெஞ்சுதான் ஒதவல. அதுக்கு இவுரு இன்னா பண்ணுவாரு?"

அக்கா என்னை மரியாதையோடு பார்த்தார்...

வீட்டுக்கு வந்ததும் சின்னக் கருவியைப் பெட்டியில் வைத்துக் கதவு வரை எடுத்துப் போனேன். திருப்பி வைத்தேன். மறுபடி எடுத்தேன். வைத்தேன். காசிமேட்டுக்கு ஒரே பஸ்தான். அவன் உதட்டில் வைத்து மூன்று சுரம் வாசித்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். அவனுக்கும் தெரிந்துவிடும்.

இதை நீங்கள் படிக்கும் நேரத்தில் நான் போயிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? நினைக்க வேண்டாம்.

இன்றைய குறிப்பு இது:

"ஆகஸ்ட் 3, ஞாயிறு. காசிமேடு. அந்தோணி நலம். கருவி 1, கருவி 2 இரண்டும் என் அறையில். இரண்டாவதில் அவன் மூச்சு போதுமா, போதாதா என்பது சரிபார்க்கப்படவில்லை."