தொண்டையிலிருந்து நீண்ட கை

ஸ்டெல்லா ஆன்ட்டி இறந்துவிட்டார் என்ற செய்தி சனிக்கிழமை காலை தொலைபேசியில் வந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றார். அப்பா, "பாவம், கிரீன் கார்டு வர்ற நேரத்துல" என்றார். அந்த வாக்கியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நம் சான்டா கிளாரா ஜெபக்கூட்டத்தில் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஒசாகாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இங்கே தனியாக வந்தவர். சிப் தயாரிக்கும் கம்பெனியில், ஜப்பானிலிருந்து வருகிறவர்களுக்கும் இங்குள்ள இன்ஜினியர்களுக்கும் நடுவே உட்கார்ந்து நாள் முழுக்க மொழிபெயர்ப்பார். குரல்தான் அவருடைய பிழைப்பு.

என்னைக் காரில் நூலகத்துக்குக் கூட்டிப்போகும்போது ஜப்பானியச் சொற்களைச் சொல்லிச் சிரிப்பார். ஆண்களின் கழுத்தில் துருத்தி நிற்பதை 'நோதோபொதொகே', அதாவது தொண்டைப் புத்தர் என்பார்களாம். "உங்கப்பா கழுத்துலயும் ஒரு புத்தர் இருக்கார்டி. சர்ச் ஃபாதர்கிட்ட சொல்லிடாத." ஒன்றின் மேல் ஆசை மிஞ்சிப்போனால், தொண்டையிலிருந்து கை வெளியே வருகிறது என்பார்களாம்.

"உங்களுக்கு எதுக்கு ஆன்ட்டி கை வரும்?"

"கிரீன் கார்டுக்குத்தான். வேற எதுக்கு?"

பிறகு அவர் குரல் கம்மியது. வாரக்கணக்கில் தெளியவில்லை. டாக்டரிடம் போகட்டுமா என்று எங்கள் வீட்டுக் கூட்டத்தில்தான் கேட்டார்.

"இன்ஷூரன்ஸ் உன் கம்பெனி வழியாத்தான வருது, ஸ்டெல்லா. தொண்டைன்னு தெரிஞ்சா வேலைய விட்டு அனுப்பிடுவான். கிரீன் கார்டு அப்ளிகேஷனும் அதோட போச்சு" என்றார் ஒரு அங்கிள். "கார்டு வரட்டும், அப்புறம் நிம்மதியா செக் பண்ணிக்கலாம்" என்றார் இன்னொருவர். அப்பா தலையாட்டினார். ஆன்ட்டிகள் பனங்கற்கண்டும் மிளகும் கொடுத்தனுப்பினார்கள். கம்பெனிக்கு உண்மையிலேயே தெரியவருமா என்று யாருக்கும் நிச்சயமில்லை. யாரும் விசாரிக்கவும் இல்லை.

ஆன்ட்டி காத்திருந்தார். வெந்நீரைக் குடித்துக் குடித்து மீட்டிங்குகளில் பேசினார். கடைசியில் டாக்டரிடம் போனபோது கட்டி பரவியிருந்தது.

நானும் அம்மாவும் மருத்துவமனைக்குப் போன அன்று, அவருடைய மேனேஜர் பூங்கொத்தோடு வந்திருந்தார். முன்பே சொல்லியிருந்தால் விடுப்பு கொடுத்திருப்போமே என்றார். அவர் போனதும் ஆன்ட்டி வெறும் மூச்சால் அம்மாவிடம், "கேட்டீங்களா அக்கா" என்றார். அவ்வளவுதான்.

அடக்க ஆராதனையில் அவருடைய பொறுமையை உங்களில் பலரும் புகழ்ந்தீர்கள். அது பொறுமை இல்லை, பயம். நாம் ஊட்டிய பயம்.

போன வாரம் அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் நானே கிளினிக்குக்கு போன் செய்து நேரம் வாங்கினேன். "எதுக்கு இவ்வளவு அவசரம்? கொஞ்சம் பார்ப்போமே" என்றார் அப்பா.

ஸ்டெல்லா ஆன்ட்டியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அவசரம்தான். வியாழக்கிழமை அம்மாவோடு போகிறேன்.